கட்டைவிரல் கேட்ட இடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டியவர்களுக்கு அந்த இரண்டு பொத்தான்களைத் தெரியும். மெஷினின் முன்பக்கம் இடது கோடியில் ஒன்று, வலது கோடியில் ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்தால்தான் மேலிருந்து ராம் என்ற கனமான இரும்புத் தலை இறங்கும். ஒரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டு மறு கையால் தகட்டைச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் மெஷின் அசையாது. ஆபரேட்டரின் இரண்டு கைகளும் டை என்ற அச்சை விட்டு விலகி இருக்கின்றன என்பதை உறுதிசெய்ய இதைவிட எளிய வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. காலால் பெடலை மிதித்து ஓட்டிய பழைய பிரஸ்களில் இந்தக் காவல் கிடையாது. வேலை வேகத்தில் ஒரு கணம் கவனம் பிசகினால் விரல் போய்விடும். அச்சு வெட்டும் டூல் ரூமில் நான் வேலை பார்த்த காலத்தில் அப்படிப் போன விரல்களைப் பார்த்திருக்கிறேன். துணி சுற்றிய கையோடு சக தொழிலாளி ஒருவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியிருக்கிறேன்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று அதில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். சுண்டுவிரல் முழுதும் போனால் 7 சதவீதம். மோதிரவிரலுக்கும் அதே 7. நடுவிரலுக்கு 12, ஆள்காட்டி விரலுக்கு 14. கட்டைவிரலுக்கு 30. மற்ற எந்த விரலை எடுத்தாலும் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உணர்ச்சி கலக்காத சட்ட மொழியில் எழுதிய அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் படைத்தவனின் நினைவு வரும். கட்டைவிரல் உயரத்தில் குட்டை, மூன்று எலும்புக்குப் பதில் இரண்டே எலும்பு, மற்ற நான்கோடு வரிசையில் நிற்காமல் தனியே பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கிறது. ஆனாலும் கையின் வேலையில் பெரும்பங்கு அதன் பொறுப்பில்தான் இருக்கிறது.

வீடியோ கேம் விளையாடும் பிள்ளைகளை நான் ஆர்வத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். திரையில் என்ன ஓடுகிறது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அவர்களின் கட்டைவிரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்கு விரல்களும் உள்ளங்கையும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் முழு விடுதலையோடு மேலே உலவுகின்றன. இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்ததல்ல. 1977இல் வந்த அட்டாரியின் ஜாய்ஸ்டிக்கில் ஒரு சதுரப் பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு, அதில் நட்டுவைத்த தடியை வலது கை முழுவதாலும் பற்றி அசைக்க வேண்டும். மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து உழைக்கும். விமானி விமானம் ஓட்டுவது மாதிரியான யோசனை அது. அரைமணி நேரத்தில் கை ஓய்ந்துவிடும்.

அதை மாற்றியவர் ஜப்பானின் குன்பேய் யோகோய். 1965இல் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேரும்போது அவருடைய வேலை, ஹனஃபுடா என்ற சீட்டுக்கட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது. அதாவது மெயின்டனன்ஸ் ஆள். நம்முடைய பேட்டையில் ஷிஃப்டுக்கு நாலு பேர் இருப்பார்களே, அந்த வேலை. 1982இல் கையடக்க விளையாட்டு ஒன்றுக்காகச் சிலுவை வடிவத்தில் ஒரே ஒரு பொத்தானை அவர் வைத்தார். நான்கு திசைக்கும் நான்கு கரங்கள், அடியில் நடுமையத்தில் ஒரு சிறு முட்டு. அந்த முட்டின் மேல் சிலுவை சாய்ந்து ஆடுவதால், இடது கரம் கீழே போனால் வலது கரம் மேலே எழும். எதிரெதிர்த் திசைகள் இரண்டும் ஒன்றாக அழுந்தவே முடியாது. கண்ணால் பார்க்காமலே கட்டைவிரலுக்கு எந்தத் திசையில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். முழங்கை வரை செய்த வேலையை ஒரு கட்டைவிரல் நுனிக்கு அவர் இறக்கிவைத்தார். அது தாங்கியது. தாங்கியதோடு, இன்னும் கொடு என்று கேட்டது. 1996இல் நிண்டெண்டோவும் மறு ஆண்டில் சோனியும் எல்லாத் திசையிலும் சாயும் அனலாக் குச்சியைக் கட்டைவிரலின் அடியில் வைத்தன. அதையும் அது எடுத்துக்கொண்டது.

எப்படித் தாங்குகிறது? கட்டைவிரலின் அடிமூட்டை எங்கே என்று கேட்டால் பலரும் உள்ளங்கை விளிம்பைத் தொட்டுக் காட்டுவார்கள். உண்மையான மூட்டு இன்னும் கீழே, மணிக்கட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் கீழ் எலும்பின் பரப்பு, ஒரு வாட்டத்தில் குழிந்தும் மறு வாட்டத்தில் புடைத்தும் இருக்கும். மேலே உட்காரும் எலும்பின் பரப்பு அதற்கு நேர் எதிராக வளைந்திருக்கும். சேண மூட்டு என்று உடற்கூறு நூல்களில் எழுதுவார்கள். முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டிலும் போகும், இரண்டும் சேர்ந்தால் வட்டமடிக்கும். ஆனால் கழன்று விழாது. இப்படி இரட்டை வளைவுள்ள இரு பரப்புகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி எஃகில் வெட்டித் தரச் சொன்னால், ஐந்து அச்சு சிஎன்சி மெஷின் வைத்திருக்கும் டூல் ரூம்கூட ஒரு நாள் அவகாசம் கேட்கும். தாயின் வயிற்றுக்குள் அது கருவியே இல்லாமல், இருட்டில், இடதும் வலதுமாக ஜோடியாக உருவாகிறது.

கட்டைவிரலை எட்டொன்பது தசைகள் ஆள்கின்றன. சில உள்ளங்கையின் அந்தச் சதைமேட்டிலேயே இருக்கின்றன. சில முன்கையிலிருந்து நீண்ட தசைநாண் வழியாக இழுக்கின்றன. மற்ற விரல்களிலோ தசையே கிடையாது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. தட்டச்சுப் பலகையில் ஓடும் விரல்களை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள்தான் இழுக்கின்றன. விரலுக்குள் தசையை வைத்திருந்தால் விரல் தடித்துப்போய் ஊசியைக்கூட எடுக்க முடியாது. இதில் என்னை மிகவும் நெகிழவைப்பது இன்னொன்று. விரலை மடக்கும் நாண்கள் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. மேலே வருவது நடு எலும்பிலேயே நின்றுவிட வேண்டும். அடியில் வருவது அதைத் தாண்டி விரல் நுனி வரை போக வேண்டும். வழி? மேல் நாண் இரண்டாகப் பிளந்து ஒதுங்குகிறது. அந்தப் பிளவின் ஊடே அடி நாண் புகுந்து நுனிக்குப் போகிறது. நான்கு விரலிலும் இதே ஏற்பாடு. நெருக்கடியான இடத்தில் இரண்டு உதிரிபாகங்களை எப்படிக் கடத்துவது என்று வரைபடத்தின் முன் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்ட எவருக்கும் இதைக் கண்டால் கை கூப்பத் தோன்றும். ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் 1833இல் மனிதக் கையைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதினார். படைப்பில் கடவுளின் திட்டத்தைக் காட்டுவதற்கு ஓர் உறுப்பு போதும் என்று அவர் கருதினார். அவர் கையைத் தேர்ந்தது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

சி.டி.எச். சாலையில் என் தங்கை மகன் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாம் பழுது பார்ப்பான். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பையில் போட்டு எடுத்துவரும் கன்ட்ரோலர்கள் மேசையில் குவிந்து கிடக்கும். பிள்ளைகள் அவற்றை இன்னமும் ரிமோட் என்றுதான் சொல்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5 கன்ட்ரோலரின் வெள்ளை மேலோட்டை ஒருமுறை கழற்றி என் கையில் கொடுத்தான். அச்சு வேலை தெரிந்தவன் பிளாஸ்டிக்கை எடுத்தால் உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பான். எஜெக்டர் பின் உந்திய வட்டத் தடங்கள், பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த கேட் இருந்த இடம், இரண்டு பாதி அச்சும் சேர்ந்த கோடு. எல்லாம் இருந்தன. வெளிப்பக்கம் விரலால் தடவினால் அந்தக் கோடு தெரியவில்லை. கை படும் இடத்தில் கோடு வராதபடி அச்சைப் பிரித்திருக்கிறார்கள்.

"மாமா, பின்னாடி திருப்பி லென்ஸ்ல பாருங்க" என்றான்.

டூல் ரூமில் வாங்கிய பழக்கத்தில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். வைத்துப் பார்த்தேன். கைப்பிடியின் அடியில் சொரசொரப்பாகத் தெரிந்த பரப்பு முழுக்க முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று பிளேஸ்டேஷன் பொத்தான்களின் நான்கு உருவங்களும் மணல் தூவியதுபோலச் சிறிது சிறிதாக, பல்லாயிரம் எண்ணிக்கையில், எழும்பி நின்றன. ஒன்றன் மேல் ஒன்று ஏறியும் விலகியும் இருந்தன. இதை அச்சின் எஃகில் குழியாக வெட்ட வேண்டும். அதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. சொரசொரப்பு ஆழமாக ஆக, அச்சிலிருந்து பொருள் உரசாமல் கழன்று வரச் சுவரை அதிகமாகச் சாய்க்க வேண்டும். ஆயிரத்தில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு டிகிரி அல்லது ஒன்றரை டிகிரி என்பது எங்கள் கணக்கு. வளைந்து வளைந்து போகும் கைப்பிடியில் இந்தச் சாய்வைக் காப்பாற்றி, ஒரு உருவமும் இழுபடாமல் வெளியே எடுத்திருக்கிறார்கள். அந்த அச்சை வெட்டியவர் யாரோ, எந்த ஊரோ, அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

லென்ஸை அப்படியே நகர்த்தி என் கட்டைவிரலின் மேல் வைத்தேன். அங்கேயும் அதே வேலை நடந்திருந்தது. அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக மேடுகள் வளைந்தோடுகின்றன. ஒவ்வொரு மேட்டின் முதுகிலும் வரிசையாக வியர்வைத் துளைகள். கருவில் மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் இந்த மேடுகள் அமைந்துவிடுகின்றன. தோல் மேலாகக் கீறிப் புண்ணாகி ஆறினாலும் பழைய வரியிலேயே திரும்ப வளரும். உலகில் ஒருவருக்கு இருப்பது மற்றவருக்கு இல்லை. ஒட்டிப் பிறந்த இரட்டையருக்கும் வேறு வேறு. நாங்கள் ஓர் அச்சை வெட்டி லட்சம் பொருள் எடுப்போம். ஒரு பொருளுக்கு ஓர் அச்சு என்று வெட்டி, உடனே அச்சைக் கலைத்துவிடுகிற பட்டறை ஒன்றுதான் இருக்கிறது.

உள்ளங்கையின் வியர்வைக்கும் ஒரு தனி இயல்பு உண்டு. உடம்பின் மற்ற இடங்கள் வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கை பதற்றத்துக்கு வியர்க்கும். லேசான ஈரம் இருந்தால்தான் தோல் இளகிப் பிடிமானம் கூடும் என்பதால், ஓடவோ பிடிக்கவோ தயாராகும் கணத்தில் உடம்பு தானாகவே அதைச் சுரக்கிறது. கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும் என்ற நிலையில் கிரிக்கெட் கேம் ஆடுகிற பையனின் கை நனைந்துபோவது அதனால்தான். நனைந்த கையும் வழுக்காத மேற்பரப்பைக் கன்ட்ரோலர் செய்தவர்கள் தேடியதும் அதனால்தான். கையின் சூடும்கூட இந்தக் கதையில் வருகிறது. பிஎஸ்5 பெட்டிக்குள் சிப்பின் சூட்டை வாங்கி வெளியே கடத்த, பேஸ்ட்டுக்குப் பதிலாகக் கேலியம் கலந்த திரவ உலோகத்தை வைத்திருக்கிறார்கள். கேலியம் 29.76 டிகிரியில் உருகும். உள்ளங்கையில் வைத்தால் உருகி ஓடும். சித்திரை மாதத்து ஆவடியில் மேசையின் மேலேயே உருகிவிடும். இப்படி ஓர் உலோகம் இருந்தாக வேண்டும் என்று மெண்டலீவ் 1871இல் தன் அட்டவணையில் காலி இடம் விட்டு எழுதிவைத்தார். 1875இல் பிரான்சில் அது கிடைத்தது.

இனி அந்த அனலாக் குச்சி. பழுதுக்கு வரும் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை டிரிஃப்ட் என்ற ஒரே புகாரோடு வருகின்றன. குச்சியைத் தொடாமலே திரையில் ஆள் ஒரு பக்கமாக நடந்துகொண்டே இருப்பான். தங்கை மகன் ஒரு பிஎஸ்4 குச்சியின் பக்கத்து மூடியை நெம்பித் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பொட்டளவு தகடு, அதன் மேல் கரியால் பூசிய வளைந்த கருப்புத் தடம். அந்தத் தடத்தின் மேல் மெல்லிய உலோக நாக்கு உரசியபடி நகர்கிறது. நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும். அதை வைத்துத்தான் குச்சி எவ்வளவு சாய்ந்தது என்பதைச் சிப் கணக்கிடுகிறது. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழில் இருந்த அதே அமைப்பு. "தேஞ்சு பவுடர் ஆயிடுச்சு மாமா, பாருங்க" என்றான். நாக்கு உட்கார்ந்திருந்த நடுவிடத்தில் கருப்பு மங்கி, ஓரத்தில் துகள் படிந்திருந்தது. இத்தகைய பாகங்களுக்குச் செய்பவர்களே சொல்லும் ஆயுள் சுமார் 20 லட்சம் அசைவு. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். விடாமல் ஆடுகிற பிள்ளை சில மாதங்களில் அதைத் தொட்டுவிடுவான்.

உரசினால் தேயும். உரசாமல் அறிய வழி உண்டா? 1879இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர், கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதைக் காந்தத்தின் நடுவே வைத்தார். மின்னோட்டம் போகும் வழிக்குக் குறுக்காக, பக்கவாட்டில், மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றியது. காந்தம் நெருங்கினால் கூடியது, விலகினால் குறைந்தது. குச்சியின் அடியில் ஒரு காந்தப் பொட்டை வைத்து, எதிரே இந்த உணரியை வைத்தால் போதும். இரண்டும் தொட்டுக்கொள்ளவே வேண்டாம். சேகா நிறுவனம் 1998இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் இதைச் செய்து காட்டியது. பிறகு வந்த பெரிய நிறுவனங்கள் விலை குறைவு, மின்சாரச் செலவு குறைவு என்று கரித்தடத்துக்கே திரும்பிப்போயின. என்னைக் கேட்டால் அது தவறான தேர்வு. தேயும் என்று தெரிந்த பாகத்தை, கழற்றி மாற்ற முடியாதபடி பதினான்கு கால்களோடு போர்டில் பற்றவைத்தது அதைவிடத் தவறு. இப்போது ஹால் குச்சிகள் தனியாகக் கிடைக்கின்றன. தங்கை மகன் அவற்றைத்தான் போட்டுக் கொடுக்கிறான்.

இதே கேள்விக்கு நம் மூட்டுகளில் இருக்கிற பதிலைப் பார்த்தால் பேச்சு எழாது. எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பு, நடுவே முட்டை வெண்கரு போன்ற ஒரு நீர். அங்கே ஏற்படும் உராய்வு, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை எந்தக் கோணத்தில் வைத்தாலும், எங்கே இருக்கிறது என்று மனம் சொல்லிவிடும். தசைக்குள்ளும் நாணுக்குள்ளும் மூட்டைச் சுற்றியும் புதைந்திருக்கும் நுண்ணுணரிகள் இழுவிசையை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அறுபது எழுபது ஆண்டு உழைத்த பிறகு கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கத் தொடங்கும், உண்மைதான். என் கையிலும் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஆனால் அதுவரை ஒருநாளும் அளவு பிசகி எனக்கு விரல் தானாக நகர்ந்ததில்லை.

கன்ட்ரோலர் அதிர்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படைப்பின் நுட்பம் அங்கேதான் மிக ஆழமாகப் போகிறது. 1997 முதல் வந்த பல கன்ட்ரோலர்களில் இரண்டு சின்ன மோட்டார்கள் உண்டு. மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமான எடை. சுற்றும்போது மையம் தவறி ஆடுவதால் அதிர்வு பிறக்கும். இடது பக்கத்து எடை பெரிது, மெதுவாகச் சுற்றி உறுமும். வலது பக்கத்து எடை சிறிது, வேகமாகச் சுற்றிச் சிலிர்க்கும்.  தோலுக்குள்ளும் அதிர்வைக் கேட்க இரண்டு விதக் காதுகள் இருக்கின்றன. தோலின் மேலடுக்கை ஒட்டி மைஸ்னர் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. நொடிக்குப் பத்து முதல் ஐம்பது வரையிலான மெல்லிய துடிப்பை அவை பிடிக்கும். ஆழத்தில், கொழுப்புக்குள், பாசினி உறுப்புகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளம். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பல பத்து உறைகள், நடுவே ஒரே ஒரு நரம்பு முனை. தொடர்ந்து அழுத்தினால் உறைகள் நழுவி அழுத்தத்தைத் தங்களுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், நரம்பு பேசாமல் இருக்கும். அதிர்ந்தால் மட்டும் பேசும். நொடிக்கு 250 அளவில் அதிர்ந்தால், ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூட அது தவறவிடாது. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 17,000 தொடு உணரிகள் இருக்கின்றன என்று 1979இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விரல்நுனியின் ரேகை மேடுகள், ஒரு பரப்பைத் தடவும்போது எழும் அதிர்வில் பாசினி உறுப்புக்கு ஏற்ற அலைகளைப் பெருக்கிக் கொடுக்கின்றன என்று 2009இல் பிரான்சில் சோதித்துச் சொன்னார்கள். பிற்பாடு வந்த பிஎஸ்5 கன்ட்ரோலரில் அந்த மோட்டார்களை எடுத்துவிட்டு ஒலிபெருக்கி போன்ற சுருள்களை வைத்து, மணலில் நடப்பதையும் மழை விழுவதையும் கையில் உணரச் செய்கிறார்கள். கேட்பதற்கு அங்கே ஏற்கெனவே ஒரு காது காத்திருந்ததால்தான் இந்த வித்தை பலிக்கிறது.

கையை மறந்துவிட்டு வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கன்ட்ரோலர் அளவில் மிகப் பெரியது. உள்ளே வைக்க வேண்டிய சர்க்யூட் போர்டு முதலில் முடிவாகிவிட்டது. அது பெரிதாக இருந்ததால் ஓடும் பெரிதாயிற்று. ஜப்பானில் விற்கப் போனபோது கைக்கு அடங்காது என்று தெரிந்து சிறிதாக ஒன்றைச் செய்தார்கள். பிறகு உலகம் முழுதும் அந்தச் சிறியதே நிலைத்தது. அந்த வழியில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இன் கன்ட்ரோலரை அமெரிக்கக் கடற்படை 2018இல் தன் நீர்மூழ்கிக் கப்பலான யுஎஸ்எஸ் கொலராடோவில் பெரிஸ்கோப்பைத் திருப்புவதற்கு வைத்தது. அதற்கு முன் அந்த வேலைக்கு இருந்த கைப்பிடி அமைப்பு 38,000 டாலர். இது 30 டாலருக்கும் குறைவு. வந்து சேரும் மாலுமிகளுக்குச் சிறிதளவு பயிற்சியே போதுமாக இருந்தது. டாங்கிகள் செய்யும் ஆவடியில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் புரியும்.

கருவியைக் கைக்கு ஏற்பத் திருத்தலாம்; கையையே திருத்திய கதையும் நம் பக்கத்தில் உண்டு. பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலை நேராக வேலூருக்குப் போகிறது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் திருத்துவதை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். கட்டைவிரலின் தசைகள் செத்துப்போனவர்களுக்கு, மோதிரவிரலை மடக்கும் இரண்டு நாண்களில் ஒன்றை விடுவித்துக் கட்டைவிரலோடு தைப்பது இத்தகைய சிகிச்சைகளில் ஒன்று. கட்டு அவிழ்த்த பிறகு நோயாளி மோதிரவிரலை மடக்க நினைப்பார், கட்டைவிரல் அசையும். சில வாரப் பயிற்சியில் மூளை தன் கணக்கைத் திருத்தி எழுதிவிடும். அப்புறம் கட்டைவிரல் என்று நினைத்தாலே கட்டைவிரல் வரும். பொத்தான்களை இடம் மாற்றி வைத்தாலும் இரண்டு நாளில் பழகிவிடுகிற பிள்ளைகளிடம் நாம் பார்ப்பதும் இதே கொடையைத்தான்.

பிராண்ட் எழுதியதில் ஒரு நிகழ்ச்சி என்னை விட்டுப் போகவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. மெலிந்த ஒரு சிறுவன், தொழுநோயாளி, சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. வலி இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. தொழுநோயாளிகளின் விரல்கள் குறைவதற்கு உணர்ச்சியின்மையே பெருங்காரணம், தசை தானாக அழுகுவதில்லை என்று பிராண்ட் நிறுவியது இப்படிப்பட்ட கவனிப்பிலிருந்துதான். வலியையும் ஒரு வரமாகத் தந்தவனை அதன் பிறகு நான் வேறு விதமாக வணங்கினேன்.

எல்லாருக்கும் இரண்டு கட்டைவிரலும் வேலை செய்வதில்லை. அப்படி வேலை செய்யாதவர்களுக்கென்று 2018இல் மைக்ரோசாஃப்ட் ஒரு கன்ட்ரோலர் செய்தது. மேலே இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள், பின்பக்கம் வரிசையாக 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19. பழைய இயர்போன் சொருகுவோமே, அதே துளைதான். ஒவ்வொரு துளையும் ஒரு பொத்தானுக்குச் சமம். அதில் எந்த சுவிட்சைச் சொருகினாலும் ஏற்றுக்கொள்ளும். முழங்கையால், முகவாயால், கால் பெருவிரலால் அழுத்தலாம். நான் பார்த்த கன்ட்ரோலர்களிலேயே மிகப் பணிவானது இது. இன்ன கைக்குத்தான் நான் என்று சொல்லாமல் 19 வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. சோனியும் 2023இல் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது.

இதற்கான சுவிட்சுகள் வெளிநாட்டில் விலை அதிகம். பொருளைப் பார்த்தால் ஒரு மைக்ரோ சுவிட்ச், இரண்டு ஒயர், ஒரு ஜாக், மேலே ஒரு மூடி, அடியில் ஒரு ஸ்பிரிங். சென்னையின் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் மின்சாரப் பாகங்கள் கிடைத்துவிடும். மூடியும் ஸ்பிரிங்கும்தான் ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்ய வேண்டியவை. திருமுல்லைவாயிலில் தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு பையன் இருக்கிறான். கையைத் தூக்க முடியாது. ஆனால் வலது கட்டைவிரலின் கடைசிக் கணு மட்டும் நன்றாக அசைகிறது, இடது கன்னத்தாலும் அழுத்த முடிகிறது. தங்கை மகன் அவன் வீட்டுக்குப் போய் எத்தனை கிராம் அழுத்தம் அந்த விரலால் கொடுக்க முடிகிறது என்று தராசு வைத்து அளந்து வந்தான். கன்னத்துக்கு வைக்கும் மூடியில் விளிம்பு குத்தக் கூடாது, வியர்த்தால் வழுக்கக் கூடாது. அலுமினியத்தில் அச்சு வெட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஸ்பிரிங்குக்குப் பேட்டையிலேயே ஆள் சொல்லியாயிற்று.